தோல் தொழில் வட்டாரத்தில் சாம்பல்சத்து

பயிர் செழித்து வளர்வதற்கு வேண்டிய ஊட்டங்களுள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் தழைச்சத்தின் பயனை விவசாயி தம் கண்ணாலேயே காண்கிறார். யூரியா இட்ட சில நாட்களில் பயிர் பசுமை கொள்கிறது. சாம்பல்சத்தின் பயனோ அவ்வாறு விரைவில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது தண்டின் உறுதியிலும், மணியின் எடையிலும், காயின் பருமனிலும், நோயைத் தாங்கும் ஆற்றலிலும் மறைந்து நிற்கிறது. இக்காரணத்தால் விவசாயிகள் சிலர் அதனை அறவே இடாமல் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் இலையின் ஓரம் கருகக் கண்டவுடனே அளவின்றி வாங்கி இடுகின்றனர். இரண்டும் நஷ்டம் தரும் செயல்களே.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பாலாற்றுப் படுகையில் இப்பிரச்சினை மேலும் சிக்கலாக உள்ளது. இங்குள்ள பல கிராமங்களில் கிணற்று நீர் உப்பாக மாறியிருக்கிறது. உப்பு மிகுந்த நிலத்தில் சாம்பல்சத்தை இடலாமா, இட்டால் எந்த வகையை இடுவது, எவ்வளவு இடுவது, இட்டதால் பலன் உண்டாகுமா என்னும் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளவேண்டியது இவ்வட்டாரத்து விவசாயிகளுக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் மிகவும் அவசியமாகும். அவ்விடைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெயர் வந்த வரலாறு

பொட்டாஷ் என்னும் பெயர், பானை, சாம்பல் எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கையாகும். முற்காலத்தில் மேல்நாட்டார் மரங்களை எரித்துச் சாம்பலாக்கி, அச்சாம்பலை நீரில் கரைத்து வடித்து, வடித்த நீரை இரும்புப் பானைகளில் காய்ச்சினர். நீர் வற்றியபின் பானையின் அடியில் வெண்மையான உப்பு தங்கியது. சோப்பு, கண்ணாடி ஆகியவற்றைச் செய்வதற்கு அவ்வுப்பு பயன்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1790 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட முதற் காப்புரிமையே சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவர் கண்டறிந்த பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்கு அளிக்கப்பட்டதாகும். 1807 ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, காரப் பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தி, அதிலிருந்து பொட்டாசியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பயிர் மண்ணிலிருந்து தாதுப் பொருள்களை எடுத்துக்கொள்கிறது என்பதையும், எடுத்தவற்றை மண்ணுக்குத் திருப்பித் தராவிடில் நிலம் வளம் குன்றும் என்பதையும் ஜெர்மானிய விஞ்ஞானி லீபிக் 1840 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

நம் நாட்டு விவசாயிகள் இவ்விஞ்ஞானம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அடுப்புச் சாம்பலைக் குப்பையில் சேர்த்து வயலுக்கு எடுத்துச் சென்றவர்கள். தமிழில் இச்சத்துக்குச் சாம்பல்சத்து என்ற பெயர் அமைந்தது பொருத்தமே.

பூமியில் கிடைக்கும் விதம்

இன்று உரமாக விற்கப்படும் பொட்டாஷ் மரச் சாம்பலிலிருந்து வருவதன்று. பன்னெடுங்காலத்துக்கு முன் கடல்நீர் தேங்கி வற்றிய இடங்களில் உப்புப் படிவுகள் உண்டாயின. அவற்றின்மேல் மண்ணும் பாறையும் மூடிக்கொண்டன. ஜெர்மனியில் ஸ்டாஸ்ஃபுர்ட் என்னுமிடத்தில் சமையல் உப்புக்காகச் சுரங்கம் தோண்டியபோது, மேலடுக்கில் கசப்பான உப்பு ஒன்று கிடைத்தது. அதனைப் பயனற்றதென்று முதலில் ஒதுக்கித் தள்ளினர். அதுவே பொட்டாசிய உப்பு என்று பின்னர்த் தெளிந்து, 1861 ஆம் ஆண்டு முதல் அதனைச் சுத்திகரிக்கும் தொழில் தொடங்கிற்று. முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானியப் பொட்டாஷ் கிடைக்காமற் போனபோது மற்ற நாடுகள் பெரிதும் தவித்தன. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது பெரும்படிவு தென்பட்டது. 1962 ஆம் ஆண்டு முதல் அங்கே தொடர்ந்து உற்பத்தி நடைபெற்று வருகிறது. இன்று கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்றும் இத்துறையில் முன்னணியில் உள்ளன. இஸ்ரேலும் ஜோர்டானும் சாக்கடலின் நீரை வெயிலில் வற்றவைத்துப் பொட்டாஷ் எடுக்கின்றன.

இந்தியாவில் வணிக முறையில் பொட்டாஷ் எடுக்கும் சுரங்கம் இல்லை. இராஜஸ்தானில் நாகௌர், கங்காநகர் பகுதிகளை உள்ளடக்கிய பெரும் உப்புப் படுகையில் பொட்டாஷ் தாது இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்துள்ளது. அது பூமிக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில் உள்ளது. நீரைச் செலுத்திக் கரைத்தெடுக்கும் முறை அங்கே ஏற்றதாகுமா என்பதை ஆராய்வதற்கு 2021 ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்யப்பட்டது. அதுவரை நம் விவசாயி வாங்கும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் முழுவதும் கப்பலேறி வரவேண்டியதாகவே உள்ளது. 2022 ஆம் ஆண்டில் உக்ரைன் போரின் காரணமாகவும், பெலாரஸ் பொட்டாஷ் துறைமுகம் செல்லும் வழி அடைபட்டமையாலும், உலகச் சந்தையில் விலை ஏறியது. அவ்விலையேற்றம் ஆம்பூர்ச் சந்தையில் உரம் வாங்கிய விவசாயியையும் விட்டுவைக்கவில்லை. எங்கோ நடக்கும் போர் நம் தென்னந்தோப்பின் செலவைக் கூட்டுகிறதென்றால், அப்பொருளை ஒரு பிடியும் வீணாக்காமல் பயன்படுத்தவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் மலைகளில் இல்லையா?

ஏலகிரியும் ஜவ்வாது மலையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் கருங்கல்லுக்குக் குறைவில்லை. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார், அபிரகம் ஆகிய தாதுக்களில் பொட்டாசியம் அடங்கியுள்ளது. அப்படியிருக்க, கல்லைப் பொடியாக்கி வயலில் இட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கல்லில் உள்ள பொட்டாசியம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணம் போன்றது. மழை, வெயில், வேரின் அமிலம், நுண்ணுயிர்கள் ஆகியவை ஆண்டுக்கணக்கில் வேலை செய்து அதனைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. நம் செம்மண் நிலங்களில் இயற்கையாக உள்ள சாம்பல்சத்து இவ்வாறு வந்ததே. ஒரு போகத்துப் பயிரின் தேவைக்கு அதன் வேகம் போதாது. ஆனால் சில நிலங்களில் இவ்வியற்கைச் சேமிப்பே போதிய அளவில் இருப்பதுண்டு. எந்த நிலத்தில் உண்டு, எந்த நிலத்தில் இல்லை என்பதை மண் பரிசோதனை ஒன்றே காட்டும்.

பயிருக்குச் செய்யும் தொண்டு

சாம்பல்சத்து பயிரின் உடலில் ஒரு பாகமாக அமைவதில்லை. அது செல்லின் சாற்றில் கரைந்து நின்று வேலை செய்கிறது. இலையின் நுண்துளைகளைத் திறந்து மூடுவதும், அதன்மூலம் நீர் வீணாகாமல் காப்பதும் அதன் பணி. இலையில் உண்டான சர்க்கரையை மணிக்கும் கிழங்குக்கும் காய்க்கும் கொண்டு சேர்ப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது குறைந்தால் நெற்பயிர் காற்றுக்குச் சாய்கிறது, மணி பதராகிறது. வாழையில் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி நுனியிலிருந்து காய்கின்றன. தென்னையில் அடிமட்டைகளின் ஓலையில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றுகின்றன, குரும்பைகள் உதிர்கின்றன. இக்குறிகள் யாவும் முதலில் முதிர்ந்த இலைகளிலேயே காணப்படும். பயிர் தன் பழைய இலைகளிலிருந்து இச்சத்தை எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடுவதே இதற்குக் காரணமாகும்.

பாலாற்றுப் படுகையின் நிலை

பச்சைத் தோல் அழுகாமல் இருப்பதற்கு அதன்மேல் சமையல் உப்பு ஏராளமாகத் தூவப்படுகிறது. தோல் பதனிடும் ஆலையில் முதல் வேலையாகத் தோலை நீரில் ஊறவைக்கும்போது அவ்வுப்பு முழுவதும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. முற்காலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டும், பிற்காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பைக் கொண்டும் தோல் பதனிடப்பட்டது. பல ஆண்டுகள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் பாலாற்று மணலிலும் விடப்பட்டதால், நிலத்தடி நீரும் நிலமும் கெட்டன.

இது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த அளவீடு அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின; கழிவுநீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. எனினும் மண்ணிலும் நிலத்தடியிலும் முன்பே சேர்ந்த உப்பு எளிதில் நீங்குவதன்று. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இப்பாலாற்றுப் பிரச்சினையில் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்ததே இதற்குச் சான்றாகும்.

சோடியமும் பொட்டாசியமும்

சமையல் உப்பில் இருப்பது சோடியமும் குளோரினும். சோடியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு மூலகங்கள். தோற்றத்திலும் குணத்திலும் அண்ணன் தம்பி போன்றவை. மண்ணில் சோடியம் அளவுக்கு மீறி நிற்கும்போது, வேரின் வாயிலில் பொட்டாசியம் நுழையவேண்டிய இடத்தில் சோடியம் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. ஆகவே மண்ணில் சாம்பல்சத்து இருந்தும் பயிருக்குக் கிட்டாமற் போகிறது. அன்றியும் உப்பு மிகுந்த மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதே வேருக்குக் கடினமாகிறது.

இங்கே ஒன்றை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். சாம்பல்சத்துக் குறைவினால் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும் என்று மேலே கூறினோம். உப்பு மிகுதியாலும் இலைகளின் நுனியும் ஓரமும் கருகவே செய்யும். கண்ணால் பார்த்து இது சத்துக் குறைவா, உப்பு மிகுதியா என்று உறுதி கூறுதல் அரிது. உப்பினால் கருகிய பயிருக்குச் சாம்பல்சத்துக் குறைவென்று எண்ணி மேலும் மேலும் பொட்டாஷ் உப்பைக் கொட்டினால், நோயாளிக்கு நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்த கதையாகிவிடும். பணமும் போகும், மண்ணில் உப்பும் கூடும்.

சோடியத்தை மண்ணிலிருந்து வெளியேற்றும் மருந்து பொட்டாஷ் அன்று. களர் நிலத்தில், அதாவது மண் துகள்களோடு சோடியம் ஒட்டிக்கொண்டு மண் இறுகிப்போன நிலத்தில், ஜிப்சம் இடவேண்டும். ஜிப்சத்திலுள்ள சுண்ணச்சத்து சோடியத்தை விலக்கித் தான் அவ்விடத்தில் அமர்கிறது. விலகிய சோடியத்தை நல்ல நீர் பாய்ச்சி வடிகால் வழியே வெளியேற்றவேண்டும். சுண்ணச்சத்து போதிய அளவு இருக்கும்போது, சோடியத்தைத் தள்ளிப் பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலும் வேருக்குக் காக்கப்படுகிறது. உவர் நிலத்தில், அதாவது கரையும் உப்புக்கள் மட்டும் மிகுந்து மேலே வெண்மை பூக்கும் நிலத்தில், ஜிப்சம் இடுவதால் பெரும்பயன் இல்லை. மழைநீரை வரப்புக்குள் தேக்கி உப்பைக் கரைத்து வடியச் செய்வதே வழி. இரண்டிலும் வடிகால் இல்லாமல் ஒன்றும் நடவாது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் இவ்வித நிலங்களுக்கு நன்மை தரும்.

ஒரு சிறு கணக்கு

மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியமும் குளோரினும் சேர்ந்த உப்பு. உரக் கணக்கில் அதில் 60 சதவீதம் சாம்பல்சத்து உண்டு. ஆகவே 50 கிலோ மூட்டை ஒன்றில் 30 கிலோ சாம்பல்சத்து இருக்கிறது. அதே மூட்டையில் ஏறத்தாழ 22 கிலோ குளோரினும் உண்டு. இதனைக் கேள்வியுற்ற விவசாயிகள் சிலர், நம் உப்பு நிலத்தில் இதனை இட்டால் நிலம் மேலும் கெடும் என்று அஞ்சி அடியோடு நிறுத்திவிடுகின்றனர். அந்த அச்சம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

லிட்டருக்கு 2 கிராம் உப்பு கரைந்துள்ள கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 5 செண்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை நீர் பாய்ச்சினால், ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் நீர் நிலத்தில் சேருகிறது. அதனோடு சேரும் உப்பு 400 கிலோ. இவ்வாறு பத்துத் தடவை பாய்ச்சினால் 4,000 கிலோ, அதாவது 4 டன் உப்பு ஒரு ஏக்கரில் வந்து சேருகிறது. மாறாக, ஒரு ஏக்கருக்கு இரண்டு மூட்டை மியூரியேட் ஆப் பொட்டாஷ் இட்டால் நிலத்தில் சேரும் உப்பு மொத்தம் 100 கிலோ மட்டுமே. அதிலும் பெரும்பகுதி பயிருக்கு உணவாகும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. முதலாவது, நிலத்தைக் கெடுப்பது அளவோடு இடும் பொட்டாஷ் அன்று, பாய்ச்சும் நீரே. ஆகவே முதலில் சோதிக்கவேண்டியது கிணற்று நீர். இரண்டாவது, சாம்பல்சத்தை நிறுத்திவிடுவதால் உப்பு குறைந்துவிடாது. பயிர் மட்டும் மேலும் நலியும். எனினும் முளைக்கும் விதைக்கும் இளம் நாற்றுக்கும் அருகில் பொட்டாஷைக் குவித்து இடுதல் கூடாது. ஒரே இடத்தில் குவிந்த உப்பு இளவேரைச் சுட்டுவிடும்.

எந்தப் பயிருக்கு எந்தப் பொட்டாஷ்?

சந்தையில் கிடைக்கும் மற்றொரு வகை சல்பேட் ஆப் பொட்டாஷ். இதில் 50 சதவீதம் சாம்பல்சத்தும், அதனோடு கந்தகச்சத்தும் உண்டு. குளோரின் மிகச் சொற்பம். விலையோ அதிகம். புகையிலை, அவரை வகைகள், எலுமிச்சை போன்ற பழ மரங்கள் முதலியன குளோரினைத் தாங்காதவை. உப்பு நீர் பாயும் நிலத்தில் இவற்றைப் பயிரிடுவோர் சல்பேட் வகையை நாடுவது நலம். நெல், கரும்பு முதலியவற்றுக்கு மியூரியேட் வகையே போதும்.

தென்னையின் கதை வேறு. இவ்வட்டாரத்தின் செல்வமாகிய தென்னை, குளோரினை ஓர் உணவாகவே ஏற்கும் மரம். பிலிப்பைன்ஸ் நாட்டில் கடலுக்குத் தொலைவான தென்னந்தோப்புக்களில் சமையல் உப்பையே உரமாக இடும் வழக்கம் உண்டு. ஆகவே தென்னைக்கு விலையுயர்ந்த சல்பேட் வகையை வாங்கவேண்டிய தேவையில்லை. காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஆகியவற்றை இரு தவணைகளாகப் பிரித்து, 50 கிலோ தொழு உரத்துடன் இடவேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 70 மரங்கள் என்று கொண்டால், ஆண்டுக்கு 140 கிலோ, அதாவது ஏறத்தாழ மூன்று மூட்டை பொட்டாஷ் வேண்டும். இங்ஙனம் கூறியதால் ஆலைக் கழிவுநீர் தென்னைக்கு நல்லது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அக்கழிவிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். பிற மாசுகளும் அதில் உண்டு.

வாழை சாம்பல்சத்தை மிகுதியாக உண்ணும் பயிர். தோட்டக்கால் வாழைக்கு மரம் ஒன்றுக்கு 110 கிராம் தழைச்சத்தும் 330 கிராம் சாம்பல்சத்தும் பரிந்துரைக்கப்படுவதிலிருந்தே இதனை உணரலாம். மணற்பாங்கான நிலத்தில் எல்லாப் பயிர்களுக்கும் பொட்டாஷை ஒரே தடவையில் இடாமல், இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்து இடவேண்டும். இல்லையேல் நீரோடு அது கீழே இறங்கிவிடும்.

கைவசமுள்ள செல்வம்

கப்பலேறி வரும் பொட்டாஷை நாடுமுன், நம் நிலத்திலிருந்து நாமே வெளியேற்றும் பொட்டாஷைக் கணக்கிடவேண்டும். நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி நெல்லில் இல்லை, வைக்கோலில்தான் உள்ளது. ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் அடங்கியுள்ளது. வைக்கோலை மாட்டுக்கு இட்டால், அது சாணத்திலும் கோமியத்திலும் திரும்பி வருகிறது. இவற்றுள் கோமியத்தின் வழியே வெளியேறும் பங்கே பெரிது. ஆகவே தொழுவத்தில் மண்ணோ சருகோ பரப்பிக் கோமியத்தைச் சேர்க்காதவர், பொட்டாஷைச் சாக்கடையில் விடுகிறவரே ஆவார். வைக்கோலை வெளியூருக்கு விற்பவர், விலையோடு நில வளமும் வண்டியேறுகிறது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

தென்னை மட்டையும் உரிமட்டையும் சாம்பல்சத்து நிறைந்தவை. உரிமட்டைகளை மரத்தைச் சுற்றிக் குழி வெட்டிப் புதைத்தால், ஈரமும் காக்கப்படும். சத்தும் மெல்ல மண்ணில் சேரும். வாழைத்தாரை வெட்டியபின் தண்டையும் இலையையும் அவ்வயலிலேயே நறுக்கி இடுவது மிக நல்லது.

அடுப்புச் சாம்பல் பற்றி ஓர் எச்சரிக்கை. விறகுச் சாம்பலில் பொட்டாஷோடு சுண்ணாம்பும் மிகுதியாக உண்டு. அது காரத்தன்மை உடையது. புளிப்பு மண்ணுக்கு அது மருந்து; களர் மண்ணுக்கு அது தீங்கு. சாம்பலை மழையில் நனையவிட்டால் பொட்டாஷ் கரைந்து போய்விடும். யூரியாவுடனோ, அம்மோனியம் கலந்த உரங்களுடனோ கலந்து வைத்தால் தழைச்சத்து ஆவியாகிவிடும். பெயின்ட் பூசிய பலகை, தோல் துண்டுகள், இரப்பர் ஆகியவற்றை எரித்த சாம்பலை வயலுக்குக் கொண்டுசெல்லவே கூடாது. தோல் ஆலையின் கசடு எருவென்று எவர் கூறி இலவசமாகத் தந்தாலும் ஏற்கவேண்டாம். அதிலுள்ள குரோமியத்தை நிலத்திலிருந்து பின்னர் நீக்குவது எவராலும் எளிதில் ஆகாத காரியம்.

கரும்பு ஆலைகளைச் சார்ந்த வடிப்பகங்களில், கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் எடுத்தபின் எஞ்சும் கழிவை எரித்துச் சாம்பலாக்கி, அதிலிருந்து குறைந்தது 14.5 சதவீதம் சாம்பல்சத்துள்ள உரம் தயாரிக்கப்படுகிறது. 2021 ஆம் ஆண்டில் மத்திய அரசு இதனை முதன்முறையாக ஊட்டச்சத்து மானியத் திட்டத்தில் சேர்த்தது. கரும்பு விளையும் நம் நாட்டில் இது வரவேற்கத்தக்கதே. எனினும் இதிலும் பிற உப்புக்கள் கலந்திருப்பதால், உவர் நிலத்தார் மண் பரிசோதனைக்குப் பின்னரே பயன்படுத்தவேண்டும்.

தோலுக்கும் பொட்டாஷ் உதவுமா?

இங்கே ஒரு புதுமையான ஆராய்ச்சியைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். 1990-களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சியாளர்கள், தோலைக் காப்பதற்குச் சமையல் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைப் பயன்படுத்திப் பார்த்தனர். தோல் கெடாமல் இருந்தது. ஊறவைத்த நீரில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் வெளியேறுமாதலால், அந்நீரைத் தக்கபடி பயிருக்குப் பயன்படுத்த இயலும் என்னும் எண்ணமும் பிறந்தது. ஆனால் பொட்டாஷின் விலை சமையல் உப்பின் விலையைப்போல் பல மடங்கு. பொட்டாஷ் முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நம் நாட்டுக்கு இன்றைய நிலையில் இம்முறை எளிதில் கைகூடுவதன்று. தோலை ஊறவைக்குமுன் அதன்மேல் ஒட்டிய உப்பை உதறி எடுத்துவிடுதல், உப்பு நீரைத் தனியே பிரித்துவைத்தல் ஆகிய எளிய முறைகளே இப்போதைக்குச் செலவு குறைந்த வழிகள். ஒரு கிலோ உப்பு ஆலையிலேயே தடுக்கப்பட்டால், அது வயலில் நீக்கவேண்டிய ஒரு கிலோ உப்பு குறைவதாகும்.

பஞ்சாயத்து செய்யவேண்டுவன

தனி விவசாயி ஒருவர் தம் மண்ணைச் சோதிக்கலாம். ஆனால் கிணற்று நீர் ஒருவருடையதன்று. அடுத்தடுத்த கிணறுகள் நிலத்தடியில் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆகவே இப்பணியைப் பஞ்சாயத்து முன்னின்று நடத்தவேண்டும்.

முதலாவதாக, கிராமத்தின் பாசனக் கிணறுகளை எண்ணிட்டு, கோடையில் ஒரு முறையும் மழைக்காலத்துக்குப் பின் ஒரு முறையும் நீரைச் சோதிக்கச் செய்து, முடிவுகளை ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கவேண்டும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்நீராலேயே கழுவிய சுத்தமான புட்டியில் ஒரு லிட்டர் நீர் எடுத்தனுப்பினால் போதும். சில ஆண்டுகளின் பதிவேடு கையிலிருந்தால், உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வெளிப்படும். அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் வாய்ச்சொல்லைக் காட்டிலும் அப்பதிவேடு வலிமை வாய்ந்தது.

இரண்டாவதாக, மண் மாதிரி எடுக்கும் முறையை விவசாயிகளுக்குக் கற்பிக்கவேண்டும். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விலக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைக்கவேண்டும். தென்னைக்கு மூன்றடி ஆழம் வரை தனித்தனியே மாதிரி எடுக்கவேண்டும். உரச் சாக்கில் மண்ணை அனுப்பினால் முடிவு பிழைபட்டுவிடும்; சுத்தமான துணிப்பையே ஏற்றது.

மூன்றாவதாக, மண் பரிசோதனை அட்டையைப் படிக்கக் கற்பிக்கவேண்டும். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி அளிக்கப்படும் அட்டைகள் பல இல்லங்களில் பெட்டியில் உறங்குகின்றன. தமிழ்நாட்டில் வழங்கும் அளவுப்படி, எக்டேருக்குக் கிடைக்கும் சாம்பல்சத்து 118 கிலோவுக்குக் குறைந்தால் குறைவு. 118 முதல் 280 வரை நடுத்தரம். 280-க்கு மேல் மிகுதி. குறைவாயின் பொதுப் பரிந்துரைக்கு மேல் கால் பங்கு கூட்டுவதும், மிகுதியாயின் கால் பங்கு குறைப்பதும் பொது விதி. அட்டையில் கார அமில நிலையும் உப்பின் நிலையும் குறிக்கப்பட்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்டால் களர் என ஐயுற்று, ஜிப்சத்தின் தேவையைக் கேட்டறியவேண்டும். உப்பின் நிலை 1-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பயிரைத் தேர்ந்தெடுப்பதிலேயே எச்சரிக்கை வேண்டும். ஐயங்களை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்டுத் தெளியலாம்.

நான்காவதாக, வடிகால்களையும் ஓடைகளையும் தூர்வாரி வைக்கவேண்டும். பெய்யும் மழைநீரே நமக்குக் கிடைக்கும் உப்பற்ற நீர். ஏரியும் குளமும் நிரம்பினால் நிலத்தடி உப்பு நீர்த்துப்போகும். பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்நாளில், ஏரிப் பாதுகாப்பே உரச் செலவைக் குறைக்கும் வழியுமாகும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

சாம்பல்சத்து பயிருக்கு இன்றியமையாதது. ஆனால் உப்பு நோய்க்கு அது மருந்தன்று. கருகிய இலையைக் கண்டு உரம் வாங்கலாகாது. மண்ணையும் நீரையும் சோதித்தபின்னரே வாங்கவேண்டும். தென்னைக்கு மியூரியேட் வகை ஏற்றது. குளோரினைத் தாங்காத பயிருக்குச் சல்பேட் வகை. களருக்கு ஜிப்சமும், உவருக்கு நல்ல நீரும், இரண்டுக்கும் வடிகாலும் வேண்டும். வைக்கோல், கோமியம், மட்டை, வாழைத்தண்டு ஆகியவை நம் சொந்தப் பொட்டாஷ்.

மார்ச் 22 ஆம் நாள் உலக நீர் தினத்தன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. கோடை தொடங்கும் அச்சமயத்தில், கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளைச் சபையின் முன் வாசித்து, எந்தெந்தக் கிணற்றின் கீழ் எந்தப் பயிர் ஏற்றது என்பதை விவசாயிகள் கூடிப் பேசித் தீர்மானிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. ஒரு பதிவேடும், சில புட்டிகளும், முன்வந்து உழைக்கும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தால், அடுத்த போகத்திலேயே இப்பணியைத் தொடங்கிவிடலாம்.